செம்புராங்கல்லை வைத்து நிலவியல் பழகலாம் வாங்க

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அஸ்திவாரம் தோண்டினால் பல இடங்களில் கடப்பாரை முட்டுவது செம்புராங்கல்லில்தான், அதாவது இரும்பு நிறைந்த, ஓட்டை ஓட்டையான செந்நிறக் கல்லில். நிலவியல் பழக இதைவிடத் தோதான கல் இல்லை. வேண்டியவை: சுத்தியல், கைலென்ஸ், சாதா டைல்ஸ் துண்டு ஒன்று, காந்தம், வினிகர், கொஞ்சம் தண்ணீர்.

படி 1: வெட்டுமுகம் பாருங்கள்

வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, புதிதாகத் தோண்டிய குழியின் ஓரத்தில் நின்று பாருங்கள். குவாரிப் பள்ளத்தில் இறங்க வேண்டாம். மேலே செம்மண், அடுத்து சரளை, அதன் கீழே கெட்டிக் கல், இன்னும் ஆழத்தில் வெள்ளையும் சிவப்புமாகத் திட்டுத்திட்டான களிமண் என்று வரிசை தெரிந்தால் அதிர்ஷ்டம். எல்லாக் குழியிலும் இது முழுசாக இருக்காது.

படி 2: உடைத்துப் பாருங்கள்

கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு துண்டை உடையுங்கள். வெளிமுகத்தை விட்டுவிட்டு உள்முகத்தை லென்ஸில் பாருங்கள். கல் முழுக்க ஓட்டைகளும் வளைந்த குழாய்களும் இருக்கும். சில ஓட்டைகளில் மஞ்சள் அல்லது வெள்ளைக் களிமண் அடைத்திருக்கும், நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். சுற்றியுள்ள கருஞ்சிவப்புச் சுவர் அவ்வளவு எளிதில் வராது. அதுதான் இரும்பு ஆக்சைடு.

படி 3: கோடு போடுங்கள்

டைல்ஸின் வழவழப்பில்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தித் தேயுங்கள். செங்கோடு விழுந்தால் ஹேமடைட், மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் கோதைட்; இரண்டும் இரும்புத் தாதுக்கள். பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். ஆத்தங்குடித் தரைக்கல் இந்த டைல்ஸுக்குப் பதிலாக உதவாது, அது சிமெண்ட். காந்தமும் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்பதற்காக இரும்பே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். இந்த இரண்டு தாதுக்களையும் சாதாக் காந்தம் சட்டென்று இழுக்காது.

படி 4: தண்ணீர், வினிகர்

தண்ணீர்ச் சொட்டைக் கல் உறிஞ்சிவிடும். வினிகர் விட்டால் பொங்காது. பொங்கினால் கையில் இருப்பது சுக்கான் கல்லாகவோ (மண்ணில் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டி) சுண்ணாம்பு ஒட்டிய துண்டாகவோ இருக்கலாம். ஆர்வத்தில் பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் வினிகரை விட்டுவிடாதீர்கள், அப்பத்தா சும்மா விடமாட்டார்.

இது எப்படி உண்டானது?

வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் நாட்டில், பாறையிலும் மண்ணிலும் உள்ள சிலிக்காவையும் கரையும் உப்புகளையும் நீர் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டு போய்விடுகிறது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. நிலத்தடி நீர் ஏறி இறங்க இறங்க, இரும்பு ஓரிடத்தில் கரைந்து இன்னோரிடத்தில் படிகிறது. இதற்குப் பல லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். பூமிக்குள் ஈரமாக இருக்கும்போது கோடாரியால் வெட்டலாம், வெளியே எடுத்துக் காயவிட்டால் இறுகிவிடும். மலபாரில் இந்தக் கல்லைக் கவனித்து 1807-இல் லேட்டரைட் என்று ஆங்கிலத்தில் பெயரிட்டவர் ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன்.

படி 5: திருமயம் போய் வாருங்கள்

அப்புறம் நேர் எதிரான கல்லையும் பார்த்துவிட வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத் திருமயம் கோட்டை நிற்கும் பாறை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. ஓட்டையே இருக்காது, லென்ஸில் கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், வெளிர்நிற ஃபெல்ட்ஸ்பார் என்ற தாதுக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அங்கே சுத்தியலை வெளியே எடுக்காதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட சின்னம். ஊர் ஓரம் உதிர்ந்து கிடக்கும் சில்லு போதும். அதிலும் அதே டைல்ஸில் கோடு போட்டு, செம்புராங்கல்லின் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.