ஹாட் டாக்: தோல் வெடிக்காமல், மேலே நியூயார்க் வெங்காயம்

ஹாட் டாக்கில் பன்னுக்குள் வைக்கும் சாசேஜ் (குழல் வடிவ இறைச்சி) பெரும்பாலும் முன்பே வெந்துதான் வரும் (பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்). தளதளவென்று கொதிக்கவிட்டால் தோல் வெடித்து, சாறெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். கொதிக்கும் முன்னிருக்கும் சூட்டில் 5 நிமிடம் வைத்து, ஈரம் துடைத்து, காய்ந்த தோசைக்கல்லில் 2 நிமிடம் உருட்டுங்கள்.

மேலே போட நியூயார்க் தள்ளுவண்டி பாணி வெங்காயம்தான் பொருத்தம். 2 பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நீளவாக்கில் நறுக்கி, 1 மேசைக்கரண்டி எண்ணெயில் சிறுதீயில் வதக்கவும். சிவக்கக் கூடாது, கண்ணாடிபோல் ஆனால் போதும். கால் கப் தக்காளி கெச்சப், அரை கப் தண்ணீர், அரை தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை பட்டைத்தூள் சேர்த்து 15 நிமிடம் மூடாமல் சுண்டவிடவும். தீயைக் கூட்டினால் கெச்சப்பின் சர்க்கரை அடிப்பிடித்துக் கசக்கும். நீர்க்க இருந்தால் பன் ஊறிப் பிய்ந்துவிடும்.