பொருள்களை ஒப்பிடும்போது நேரும் தவறுகள்: ஏசி முதல் பில்லிங் மென்பொருள் வரை

எந்த விற்பனைத் தளத்திலும் நான்கு மாடல்களைத் தேர்ந்தெடுத்தால் அவற்றின் விலை, திறன், உத்தரவாதம் எல்லாம் ஒரே அட்டவணையில் வந்து நிற்கின்றன. அவ்வளவையும் பொறுமையாகப் படித்து வாங்கியவர்களும் ஆறு மாதம் கழித்து வருந்துகிறார்கள் என்றால், குறை அவர்களுடைய கவனத்தில் இருப்பதில்லை. அட்டவணையில் இருந்த எண்கள் ஒரே நிலையில் அளக்கப்படாதவையாக இருந்திருக்கும். அல்லது வாங்குபவரின் வீட்டில் நடக்கப்போகும் பயன்பாட்டுக்குப் பொருந்தாதவையாக இருந்திருக்கும். ஒப்பீடு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

தேவையை அளக்காமல் மாடல்களை அளப்பது

குடிநீர்ச் சுத்திகரிப்பானை எடுத்துக்கொள்வோம். ஆர்.ஓ. மாடல்களில் எது சிறந்தது என்று பல நாள் தேடுபவர்களில் பலர், தங்கள் வீட்டுத் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, எவ்வளவு என்று பார்த்திருப்பதில்லை. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரநிலை, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரையிலான டி.டி.எஸ். அளவை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. ஆர்.ஓ. சவ்வின் முதன்மையான வேலை கரைந்த உப்பைப் பிரிப்பது. அந்த வேலையில் அது கணிசமான நீரைக் கழிவாக வெளியேற்றுகிறது. சவ்வையும் வடிகட்டிகளையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். ஆற்றுநீர் குழாயில் வரும், டி.டி.எஸ். 200 அளவில் இருக்கும் வீட்டில் கிருமிகளை மட்டும் கவனித்தால் போதும் என்ற நிலை இருக்கலாம். அதற்கு புற ஊதா ஒளி வகையோ நுண்வடிகட்டி வகையோ பொருத்தமாக இருக்கும். உப்பேறிய போர் தண்ணீரைக் குடிக்க வேண்டிய வீட்டின் கணக்கு வேறு.

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது கிருமிகளைக் காட்டாது, ஆர்சனிக், ஃபுளோரைடு போன்றவற்றையும் தனியாகச் சொல்லாது. அவற்றைப் பற்றிய ஐயம் இருந்தால் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில்தான் கொடுக்க வேண்டும். ஆனால் ஆர்.ஓ. வேண்டுமா வேண்டாமா என்ற முதல் கேள்விக்கு அந்தச் சிறு கருவி தரும் எண், பத்து மாடல்களின் ஒப்பீட்டு அட்டவணையைவிடப் பயனுள்ளது.

ஒரே பெயர் கொண்ட எண்களை ஒரே அளவு என்று நம்புவது

தவறுகள் மிக அடர்த்தியாக இருப்பது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஒரு டன் ஏசி என்பது கணக்குப்படி சுமார் 3.5 கிலோவாட் குளிரூட்டும் திறன். ஒன்றரை டன் என்றால் 5.27 கிலோவாட் வர வேண்டும். ஆனால் கடையில் ஒன்றரை டன் என்ற பெயரில் நிற்கும் இயந்திரங்களில் 4,800 வாட் திறன் கொண்டதும் உண்டு, 5,200 வாட் கொண்டதும் உண்டு. விலை குறைவாக இருப்பது சில நேரங்களில் திறனும் குறைவாக இருப்பதால்தான். எனவே டன் என்ற சொல்லோடு நின்றுவிடாமல், விவரக் குறிப்பில் வாட் கணக்கில் எழுதப்பட்டிருக்கும் குளிரூட்டும் திறனைப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

நட்சத்திரக் குறியீட்டிலும் இப்படியொரு சிக்கல் உண்டு. பி.இ.இ. எனப்படும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு, 2006-இல் தொடங்கிய இந்தக் குறியீட்டுக்கான அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்கிவருகிறது. 2022 ஜூலையில் ஏசிகளுக்கான அளவுகோல் மாறியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்த பல மாடல்கள் நான்குக்கு இறங்கின. இயந்திரத்தில் எந்த மாற்றமும் இல்லை, அளவுகோல்தான் மாறியது. பழைய இருப்பில் உள்ள ஐந்து நட்சத்திர ஏசியையும் புதிதாக வந்த நான்கு நட்சத்திர ஏசியையும் நட்சத்திரங்களை மட்டும் எண்ணி ஒப்பிட்டால் விடை தவறாகும். குறியீட்டுச் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும் காலத்தையும், ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற பருவகாலத் திறன் எண்ணையும் பார்ப்பதே சரியான வழி.

அதே சீட்டில் ஆண்டு மின்நுகர்வு என்று ஓர் எண் இருக்கும். அது ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற அடிப்படையில் கணக்கிடப்பட்டது. ஓர் ஏசியில் அந்த எண் 1,000 யூனிட், இன்னொன்றில் 760 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதன் விலை 9,000 ரூபாய் கூடுதல் என்றும் கொள்வோம். விருந்தினர் அறையில் ஆண்டுக்கு 400 மணி நேரம் மட்டும் ஓடுமானால் மிச்சமாவது 60 யூனிட். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றாலும் 540 ரூபாய்தான், கூடுதல் விலை திரும்பிவர 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். படுக்கையறையில் 2,400 மணி நேரம் ஓடுமானால் மிச்சம் 360 யூனிட், அதாவது ஆண்டுக்கு 3,240 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்குள் விலை வித்தியாசம் அடைபட்டுவிடும். ஐந்து நட்சத்திரம் நல்லதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கைப் போடும்போது மின்கட்டணத்தின் சராசரியை எடுத்துக்கொள்வதும் தவறு. வீட்டு மின்கட்டணம் இரண்டு மாத நுகர்வை வைத்து அடுக்கு அடுக்காக ஏறுகிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பின்படி, இரு மாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகிறது. ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீட்டில் புதிய ஏசி சேர்க்கும் ஒவ்வொரு யூனிட்டும் உயர்ந்த அடுக்கில்தான் விழும். ஆகவே உங்கள் பழைய பில்லில் கடைசி அடுக்கின் விலை என்ன என்று பார்த்து, அதற்கு அடுத்த அடுக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரியில் இது இன்னும் நுட்பமானது. 150 ஏ.எச்., அதாவது ஆம்பியர்-மணி, என்று இரண்டு பேட்டரிகளில் எழுதியிருக்கும். ஒன்றில் சி-20 என்றும் மற்றொன்றில் சி-10 என்றும் சிறிய எழுத்தில் இருக்கும். முன்னது 20 மணி நேரத்தில், அதாவது 7.5 ஆம்பியர் வீதம் மெதுவாகக் காலியாகும்போது கிடைக்கும் கொள்ளளவு. பின்னது 10 மணி நேரத்தில், 15 ஆம்பியர் வீதம் காலியாகும்போது கிடைப்பது. ஈய-அமில பேட்டரி எவ்வளவு வேகமாகக் காலியாகிறதோ அவ்வளவுக்கு அதிலிருந்து பெறக்கூடிய மொத்த ஆற்றல் குறையும் என்பதால், சி-20 அளவில் 150 என்று எழுதிய பேட்டரி 10 மணி நேர ஓட்டத்தில் அதைவிடத் தெளிவாகக் குறைவாகவே தரும். வீட்டில் மூன்று மின்விசிறியும் தொலைக்காட்சியும் சில விளக்குகளும் ஓடினால் சுமார் 400 வாட். இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது 35 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அங்கே இரண்டு எண்களுமே அப்படியே பொருந்தாது என்றாலும், சி-10 எண் உண்மைக்குச் சற்று நெருக்கமானது. இந்த இடத்தில் பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட, 75 வாட் மின்விசிறிகளுக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறிகளை மாட்டுவது பல வீடுகளில் மலிவான தீர்வாக அமையும். பேட்டரிகளை மட்டும் ஒப்பிடுபவர் கண்ணில் அந்த வழி படுவதே இல்லை.

பவர் பேங்கில் எழுதப்படும் 10,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்பதும் உள்ளிருக்கும் செல்களின் 3.7 வோல்ட் அளவில் சொல்லப்படுவது. 37 வாட்-மணி ஆற்றலான அது, 5 வோல்ட்டில் வெளியேறும்போது இழப்பைக் கழிக்காமலே 7,400 ஆகிவிடும். அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் வெளியீட்டுக் கொள்ளளவு அதைவிடவும் குறைவாக இருக்கும். அந்தச் சிறிய எழுத்தில் உள்ள எண்ணை வைத்தே இரண்டு பவர் பேங்குகளை ஒப்பிட வேண்டும். ஸ்பீக்கரில் பி.எம்.பி.ஓ. என்று எழுதியிருக்கும், கணநேர உச்சத்தைச் சொல்லும் வாட் எண்ணை அறவே விட்டுவிட்டு, தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் பாருங்கள்.

முதல் நாள் விலையை மட்டும் பார்ப்பது

ஏசியின் விலையோடு பொருத்தும் கூலி, ஏசியோடு சேர்த்துத் தரப்படும் நீளத்துக்கு மேல் போகும் செப்புக் குழாய், வெளிப்பகுதியைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஆகியவை சேர வேண்டும். பத்து ஆண்டு உத்தரவாதம் என்று பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும் உரியது. மின்னணுப் பலகைக்கும் வாயு நிரப்புதலுக்கும் மெக்கானிக் வந்துபோகும் கூலிக்கும் எத்தனை ஆண்டு என்பதைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏசிகளில் செலவு வைக்கக்கூடிய பகுதி அந்த மின்னணுப் பலகை என்பதால், கம்ப்ரஸர் உத்தரவாதத்தை மட்டும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

சேவை மையம் எங்கே இருக்கிறது என்பதும் விலையின் ஒரு பகுதிதான். சென்னையில் நல்ல சேவை தரும் நிறுவனத்துக்கு தருமபுரியிலோ இராமநாதபுரத்திலோ ஆள் இல்லாமல் இருக்கலாம். உங்கள் ஊர்ப் பின்கோடைச் சொல்லி நிறுவனத்தின் சேவை எண்ணில் வாங்குவதற்கு முன்பே விசாரிப்பது எந்த மதிப்புரையும் தராத தகவலைத் தரும்.

மதிப்புரைகளின் சராசரியை நம்புவது

4.3 நட்சத்திரம் என்ற சராசரியில், பெட்டியைத் திறந்த அன்றே எழுதியவரும் இரண்டு ஆண்டு பயன்படுத்தியவரும் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். சில தளங்களில் ஒரே பக்கத்தின் கீழ் வெவ்வேறு கொள்ளளவு கொண்ட மாடல்களின் மதிப்புரைகளும் சேர்ந்தே நிற்கின்றன. இந்திய தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்றே 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட வேண்டிவந்தது, போலி மதிப்புரைகள் எவ்வளவு பரவலான கவலையாக இருந்தன என்பதற்குச் சான்று. இரண்டு, மூன்று நட்சத்திரம் தந்தவர்களின் சொற்களையே நான் முதலில் படிக்கச் சொல்வேன். அவர்கள் பொருளில் நன்றாக இருப்பதையும் குறையையும் சேர்த்தே எழுதுவது வழக்கம். பல பேர் வெவ்வேறு சொற்களில் ஒரே பழுதைச் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. ‘சிறந்த பத்து’ என்று பட்டியலிடும் தளங்களில் வாங்கும் இணைப்பு இருந்தால், அந்த இணைப்பால் தளத்துக்குத் தரகு கிடைக்க வாய்ப்புண்டு என்பதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

மென்பொருளை வசதிப் பட்டியலால் எடைபோடுவது

மென்பொருள் ஒப்பீட்டில் நேரும் தவறு வேறு வகையானது. இங்கே எல்லாக் கட்டத்திலும் சரிக்குறி இருக்கும். ஒரு மளிகைக் கடைக்கான பில்லிங் மென்பொருளில் ‘தமிழ் வசதி உண்டு’ என்ற சரிக்குறிக்கு, திரையில் தமிழ் தெரியும் என்பது மட்டும் பொருளாக இருக்கலாம். பொருளின் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து தேட முடிகிறதா, வெப்ப அச்சுப்பொறியில் ‘கொத்தமல்லி’ என்பதில் உள்ள ஒற்றைக்கொம்பும் காலும் இடம்மாறாமல் விழுகின்றனவா, பி.டி.எஃப். ஆக்கிய பில்லிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா என்பவற்றைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் பொருள் பட்டியலை வைத்திருக்கும் கடைக்காரர், அதை யூனிகோடுக்கு மாற்றாமல் புதிய மென்பொருளுக்குள் கொண்டுவர முடியாது என்பதையும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

விற்பனையாளர் காட்டும் மாதிரித் தரவில் எல்லா மென்பொருளும் நன்றாகவே ஓடும். இலவசச் சோதனைக் காலத்தில் உங்கள் கடையின் ஒரு முழு நாள் வியாபாரத்தை உள்ளிட்டுப் பாருங்கள். திருப்பிக் கொடுத்த பொருள், கடன் சொல்லிப் போனவர், சில்லறைக்காகத் தள்ளிய தொகை, இரண்டு வரி விகிதங்கள் கலந்த பில் என்று எல்லாம் அதில் வர வேண்டும். ஒரு மென்பொருள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

விலையில், முதல் ஆண்டுச் சலுகைக்கும் இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக்கும் உள்ள வித்தியாசம், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்பவற்றைச் சேர்த்து மூன்று ஆண்டுகளுக்கான தொகையை எழுதிக்கொண்ட பிறகே இரண்டு மென்பொருள்களை அருகருகே வைக்க வேண்டும். சந்தாவை எளிதில் நிறுத்தவிடாமல் சிக்கவைப்பதும், கடைசிப் பக்கத்தில் மட்டும் கட்டணத்தைக் கூட்டிக் காட்டுவதும், 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுக்குள் வருகின்றன. இலவசம் என்பதையும் நிரந்தரமாகக் கருதக் கூடாது. உயர்தரப் படங்களுக்கு வரம்பற்ற இலவச இடம் தந்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் அதை நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு, பொதுவான அட்டவணைப்படி, 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஒரு மென்பொருளை வாங்கும்போது அது எந்த இயங்குதளப் பதிப்பை நம்பியிருக்கிறது என்று பார்க்காதவர்கள், இத்தகைய தேதி வரும்போது கணினியையும் சேர்த்து மாற்ற நேரிடும்.

பலரும் தவறவிடும் கேள்வி, வெளியேறும் வழி என்ன என்பதுதான். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டுக்கான கணக்குகளை அந்த ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். சந்தாவை நிறுத்திய பிறகும் அந்தக் கணக்கு உங்கள் கையில் படிக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். ‘தரவை ஏற்றுமதி செய்யலாம்’ என்ற சரிக்குறியின் பின்னால் வெறும் பி.டி.எஃப். அறிக்கைகள் மட்டுமே இருக்கக்கூடும். சோதனைக் காலம் முடிவதற்குள் நீங்கள் உள்ளிட்ட அந்த ஒரு நாள் வியாபாரத்தை எக்ஸெல் அல்லது சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி, லிப்ரே ஆபீஸ் போன்ற வேறொரு மென்பொருளில் திறந்து, பில் எண்களும் வரித் தொகையும் வாடிக்கையாளர் பாக்கியும் திரையில் பார்த்த கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.