ஸ்பிட்ஃபையர் இறக்கைல டெகல் வெள்ளையடிச்ச கதை

ரெண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் சண்டை விமானம் ஸ்பிட்ஃபையர் மார்க் 1, அதோட 1/72 மாடல் (நிஜத்துல 72-ல ஒரு பங்கு), முழுசா கட்டினாலும் ஒரு சாண் கூட வராது, 1940 கலர்ல மேல டார்க் கிரீனும் டார்க் எர்த்தும் அடிச்சு முடிச்ச ஜோர்ல மேட் பெயின்ட் (பளபளப்பு இல்லாதது) மேலயே டெகல (தண்ணில நனைச்சு ஒட்டுற மெல்லிசு படம்) ஒட்டிட்டேன். காஞ்சதும் பாத்தா விமானப்படை அடையாள வட்டத்த சுத்தி மீன் செதில் மாதிரி வெள்ளை மினுமினுப்பு. அந்த வருஷத்து மேல் இறக்கை வட்டத்துல வெள்ளையே கிடையாது, சிவப்பும் நீலமும்தான், அதான் அசிங்கமா தெரிஞ்சுது.

மேட் பெயின்ட் சொரசொரப்பு, அடியில காத்து மாட்டிக்குது, அவ்ளோதான் விஷயம். மெல்லிசு ஊசியால அங்கங்க குத்தி டெகல் செட்டிங் லிக்விட (டெகல இளக்கி படிய வைக்கிற திரவம்) பிரஷ்ல தொட்டு வச்சேன், டெகல் சுருங்கிச்சு (போச்சுடான்னு நெனச்சேன்), ஆனா கை வைக்காம விட்டதும் தானா படிஞ்சிருச்சு. மூணு தடவை ஆச்சு. அடுத்த இறக்கைக்கு முதல்ல வழவழப்பாக்க கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ், ஒரு நாள் காயவிட்டு டெகல், கடைசில மேட் வார்னிஷ்.