உயர்மலையில் கிடக்கும் கல் மனிதன் செதுக்கியதா என்று அறிவது எப்படி?

நாலாயிரம் மீட்டருக்கு மேலான மலைத்தளத்தில் கூரிய விளிம்புள்ள கல் ஒன்று கண்ணில் பட்டால், அதை உடனே கையில் எடுத்துவிடக் கூடாது. கல் கிடக்கும் நிலையும் அதைத் தாங்கியிருக்கும் மண்ணும் கல்லுக்கு நிகரான சான்றுகள். அருகில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, இடக்குறியீட்டையும் உயரத்தையும் எழுதிக்கொண்டு, அந்நாட்டுத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை. அனுமதி பெற்ற ஆய்வுக் குழுவில் இருப்பவர்கள், பதிவு முடிந்தபின் கல்லைத் திருப்பிப் பார்க்கலாம்.

முதலில் ஐயுற வேண்டியது உறைபனியை. விரிசலில் புகுந்த நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. ஆண்டுதோறும் இது நிகழ்வதால் பாறை தானாகவே உடைந்து, கத்தி போன்ற விளிம்புகளைப் பெற்றுவிடுகிறது. பாறைச்சரிவின் அடிவாரத்தில் கிடக்கும் கற்களும் ஒன்றோடொன்று மோதி ஓரம் சிதைந்திருக்கும். ஆனால் அச்சிதைவு ஒழுங்கின்றி இரு பக்கமும் மாறிமாறி விழுந்திருக்கும்.

மனிதன் அடித்துப் பெயர்த்த சில்லில் வேறு அடையாளங்கள் உண்டு. அதன் ஒரு முனையில், அடி விழுந்த இடம் சிறு தட்டையாக எஞ்சியிருக்கும். அதற்குச் சற்றுக் கீழே, தாய்க்கல்லோடு ஒட்டியிருந்த உட்புறத்தில், கட்டைவிரலால் தடவினால் தட்டுப்படும் மெல்லிய புடைப்பு ஒன்று இருக்கும். அங்கிருந்து, குளத்தில் கல்லெறிந்தாற்போல், வளைந்த அலைகள் பரவிச் செல்லும். எரிமலைக் கண்ணாடிக் கல்லில் இவை தெளிவாகத் தெரியும்; கரடுமுரடான கற்களில் மங்கிப்போகும். வெளிப்புறத்தில் முன்னரே சில்லுகள் ஒரே திசையில் பெயர்க்கப்பட்ட தழும்புகள் இருந்தால், ஐயம் பெரிதும் குறையும். திபெத்தில் 4,600 மீட்டர் உயரத்தில் உள்ள நுவியா தேவுவில், 30,000 முதல் 40,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் வந்துசென்றதை உணர்த்தியது, நீள்சில்லுகளை அடுத்தடுத்துப் பெயர்த்த இந்த ஒழுங்குதான்.

ஒற்றைக் கல்லை வைத்து ஒருபோதும் முடிவுக்கு வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செதுக்கும்போது சிதறிய நுண்துகள்களும், சில்லுகள் பெயர்க்கப்பட்டபின் எஞ்சிய கருக்கல்லும் அருகில் உள்ளனவா என்று தேட வேண்டும். காற்றுக்கு மறைவான பாறை ஒதுக்கிடங்களும் ஊற்றருகே உள்ள சமதளங்களும் முதலில் பார்க்க வேண்டியவை.

பிறகு கல் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பெரு நாட்டின் கடற்கரைக் குடியிருப்பான கெப்ராடா ஹாகுவாயில் கிடைத்த எரிமலைக் கண்ணாடி, ஆண்டிஸ் மேட்டுநிலத்தின் அல்காவிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அந்தத் தடயத்தைப் பின்பற்றிய தேடலில்தான், சுமார் 4,480 மீட்டர் உயரத்தில், 12,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட குன்காய்ச்சா பாறை ஒதுக்கிடம் அறியப்பட்டது.

வந்துபோனவர்களா, தங்கி வாழ்ந்தவர்களா என்பது கடினமான கேள்வி. கருவிகள் மட்டும் அதற்கு விடை தரா. எத்தியோப்பியாவின் பாலே மலையில் சுமார் 3,470 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபிஞ்சா ஹபேராவில், அடுப்புச் சாம்பலோடு, சுட்டுத் தின்ற, வளை தோண்டி வாழும் பெரிய எலிகளின் எலும்புகளும் கிடைத்தன; மனிதர் அங்கே தங்கி வாழ்ந்ததை உணர்த்தியவை இவையே. ஆகவே கருவி கிடைத்த அடுக்கிலேயே கரியும் எலும்பும் உள்ளனவா என்று பார்த்து, அவற்றைத் தனித்தனியே பொதிந்து காலக்கணிப்புக்கு அனுப்ப வேண்டும். சுமார் 50,000 ஆண்டுகள் வரை, கரியிலும் எலும்பிலும் எஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளக்கும் ரேடியோ கார்பன் முறை உதவும். அதற்கும் பழைய படிவுகளுக்கு, மணல்மணிகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளிர்வு முறை ஏற்றது. அதற்கான மண்ணை வெளிச்சம் படாத குழாயில் எடுக்க வேண்டும்.