தெமோதரை வளைவில் ஓடிய கறுப்புப் பட்டைகள்

அட்டனில் எங்கள் சமூகத் தொலைக்காட்சிக்காக மாதிரி ரயில் நிகழ்ச்சியின் முதல் பாகத்தை எடுக்கத் தொடங்கினோம். ரயில் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கப்பாதை செல்லும் தெமோதரை வளைவை 1:87 அளவில் செய்திருந்தோம். ஆனால் படமெங்கும் மங்கலான கறுப்புப் பட்டைகள் விடாமல் ஓடின.

ரயிலை ஓட்டும் கன்ட்ரோலரைச் சந்தேகித்து வயரெல்லாம் மாற்றினோம். அப்புறம் மெமரி கார்டு. நான்கு நாள் வீண்.

சுரங்கத்துக்குள் சின்ன பேட்டரி விளக்கு வைத்து எடுத்த துண்டில் மட்டும் பட்டை இல்லை! அதே ரயில், அதே கன்ட்ரோலர். அப்படியென்றால் கோளாறு கூரை டியூப் லைட்டில்தான். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவையாக லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். கெமராவோ நொடிக்கு 30 பிரேம், ஷட்டர் (ஒரு பிரேமுக்கு ஒளி விழும் நேரம்) 1/60 நொடி; அதற்குள் மினுங்கல்கள் முழுசாக அடங்கவில்லை. அதை 25 பிரேம், 1/50 என்று மாற்றினேன்; இப்போது ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு மினுங்கல். பட்டை போய்விட்டது. அப்பாடா! அன்றிரவே முழுப் பாகத்தையும் எடுத்து முடித்தோம்.