வாக்குக் கேட்டு வரும் கட்சியைத் தொழிலாளர் சங்கம் விசாரிக்கும் முறை

திருகோணமலையில் தேர்தல் நெருங்கியதும் கட்சிக்காரர் கடற்கரை மீனவர் வாடிகளுக்கும் சீனன்குடாத் தொழிற்சாலை வாசல்களுக்கும் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். அவர்களைப் பேசவிடுவதற்கு முன் நாம் கேட்க வேண்டியவற்றைச் சங்கக் கூட்டத்தில் எழுதி முடித்துவிட வேண்டும்.

முதலில் நமக்குள் உள்ள பிணக்கைத் தீர்க்க வேண்டும். கரைவலைக்கு உரிமையாளரான சம்மாட்டியும் அந்த வலையை இழுக்கும் கூலியாளும், சுருக்குவலைக்காரரும் சிறுபடகுக்காரரும் ஒரே கோரிக்கை உடையவர்கள் அல்லர். இதை மறைத்து ஒரே குரலில் பேசினால், கட்சி ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வேறு வாக்குறுதி கொடுத்துவிட்டுப் போகும்.

அடுத்து, எந்த அதிகாரம் எந்தச் சபையிடம் இருக்கிறது என்று பார்க்கவும். வடிகாலுக்கும் சந்தைக் கொட்டகைக்கும் உள்ளூராட்சி சபை உண்டு. கிழக்கு மாகாண சபையோ 2017இல் கலைந்த பின் பல ஆண்டுகள் தேர்தலின்றிக் கிடந்தது. தொழிற்சட்டம் பாராளுமன்றத்துக்கு உரியது.

"தொழிலாளரைப் பாதுகாப்பீர்களா?" என்று கேட்டால் "ஆம்" என்பதைத் தவிர வேறு விடை வராது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்வழங்குநர் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்த வேண்டும். எனவே, ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தகாரர் இதைக் கட்டாதபோது வேலை வாங்கிய நிறுவனத்திடமே அறவிடும் திருத்தத்துக்கு வாக்களிப்பீர்களா என்றும், தொழில் திணைக்களத்தில் முறையிடும் தொழிலாளியுடன் உங்கள் கிளைச் செயலாளர் கூடப் போவாரா என்றும் கேட்கவும். அதே விடையை வேட்பாளர், சிங்களவர் வாழும் கந்தளாயின் மேடையில் சிங்களத்திலும் சொல்வாரா என்பதையும் கேட்டுவிட வேண்டும். எனக்கு இதுவே முக்கியமான கேள்வி.

வேட்பாளர் பழைய பாராளுமன்ற உறுப்பினராயின், அவர் தொழிலாளர் குறித்து என்ன பேசினார் என்பதைப் பாராளுமன்ற உரைப் பதிவான ஹன்சாட்டில் தேடலாம். தோட்டத் தொழிலாளரின் குடியுரிமைப் பறிப்பை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்தவர்களே 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள் என்பதை அதன் வேட்பாளருக்கு நினைவூட்டுவதில் தவறில்லை. ஆனால் பரம்பரைப் பெருமை இன்றைய கூலிக் கேள்விக்கு விடையாகாது.

வேட்பாளர் பட்டியலையும் பார்க்கவும். நமது மாவட்டத்தின் 4 ஆசனங்களுக்கு ஒரு கட்சி 7 பெயர்களை நிறுத்துகிறது. அவர்களில் கூலிக்கு உழைத்தவர் எத்தனை பேர்? கட்சிப் பட்டியலில் விரும்பிய வேட்பாளருக்கு இட வாக்காளருக்கு 3 விருப்பு வாக்குகள் இருப்பதால், கட்சியை ஏற்றுக்கொண்டும் அதன் பணக்கார வேட்பாளரைத் தவிர்க்கலாம்.

விடைகளை எழுதித் திகதியிட்டு, வந்தவரிடம் கையொப்பம் வாங்கிச் சங்கக் கோப்பில் வைக்கவும். தேர்தல் முடிந்து ஆறாம் மாதம், அந்தத் தாளுடன் கட்சி அலுவலகத்துக்குப் போகும் இருவரின் பெயரை அன்றைய கூட்டத்திலேயே தீர்மானித்துவிடவும்.