வீட்டில் கிட்டார் வாசிக்க ஒரு ஸ்பீக்கர் ஆம்பா, இரண்டு ஸ்பீக்கர் ஆம்பா?

போன ஐப்பசியில் கோயம்புத்தூரில் ஒருவரிடம் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த ஆம்ப் (எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அது உருண்டுவிடாமல் காலை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டே குன்னூர் வந்து சேர்ந்தேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து என் வீட்டுக்கு எழுபது படி ஏற வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் ஆம்ப் என்றால் என்ன என்பது எனக்கு முதலில் புரிந்தது முதுகில்தான்.

வாங்கியதற்குக் காரணம் மழை. தகரக் கூரையில் ஐப்பசி மழை விழுந்தால் நான் வாசிப்பது எனக்கே கேட்காது. இன்னொரு ஸ்பீக்கர் இருந்தால் சத்தம் இரட்டிப்பாகும் என்று நினைத்தேன். ஆகாது. ஏன் என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

படி 1: சத்தக் கணக்கை முடித்துவிடுங்கள்

காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதே வாட்டை ஒன்றுக்குப் பதில் இரண்டு ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுத்தால் அடிக்குரலில் (கனத்த, தாழ்ந்த ஒலியில்) அதிகபட்சம் 3 டெசிபல் கூடும், அவ்வளவுதான். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் அதே 3தான்.

சாதாரண 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஒன்றுக்கு வெறும் 1 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தள்ளி 97 டெசிபல் அளவுக்கு வரும். 15 வாட் கொடுத்தால் 109ஐத் தொடும். அதனால் 15 வாட் வால்வு ஆம்பை (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்தது) பார்த்து "சின்னதுதானே" என்று எண்ணாதீர்கள். ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் 15 வாட்தான், ஒரே ஸ்பீக்கர்தான். லைன் வீட்டில் வைத்து முழுசாகத் திருகினால் அந்த வரிசையே வாசலுக்கு வந்துவிடும்.

மழைக்கு நான் கண்ட தீர்வு ஹெட்போன். முன்னூறு ரூபாய்ச் சமாச்சாரம்.

படி 2: ஆம்புக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள்

டேப் எடுத்து அளக்கவே சொல்கிறேன். நம் ஊர் வீடுகளில் அறை பத்துக்குப் பத்து இருந்தால் பெரிது. கட்டிலில் உட்கார்ந்து வாசித்தால் ஆம்ப் முழங்காலுக்கு நேரே, 60 சென்டிமீட்டரில் இருக்கும்.

இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களின் மையங்களுக்கு நடுவே சுமார் 33 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒன்றுக்கு நேர் எதிரே 60 சென்டிமீட்டரில் காது இருந்தால், மற்றதிலிருந்து வரும் ஒலி 8.5 சென்டிமீட்டர் கூடுதலாக நடந்து வர வேண்டும். 2000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சரியாக அரை அலை. ஒன்று தள்ள, மற்றது இழுக்க, அந்தச் சுரம் மட்டும் பள்ளத்தில் விழும். கிட்டாரின் துலக்கமே அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தலையை ஒரு சாண் நகர்த்தினால் சவுண்டு மாறும். மேடையிலோ சர்ச் ஹாலிலோ பத்தடி தள்ளி நிற்கும்போது இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். இரட்டை ஸ்பீக்கர் பரந்து, நிறைந்து கேட்பது அங்கேதான்.

ஆக, ஆறடிக்குள் உட்கார்ந்து வாசிப்பவர் ஒற்றை ஸ்பீக்கர் வாங்குங்கள். ஒரு நாற்காலிமேல் வைத்து காது உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள். பெரிய ஸ்பீக்கரின் கூர்மையான ஒலியெல்லாம் நேர்கோட்டில்தான் பாயும்; தரையில் வைத்தால் அது முழங்காலுக்குப் போகும், காதுக்கு மந்தமாக வரும், நீங்கள் ட்ரெபிளை (கூர்மையான ஒலிக்கான திருகை) ஏற்றுவீர்கள், எதிரே இருப்பவருக்குக் காது குடையும்.

படி 3: வீட்டில் இரட்டைக்கு நியாயமான காரணம் ஒன்றே ஒன்று

ஸ்டீரியோ. ரோலண்ட் நிறுவனம் 1975இல் கொண்டுவந்த ஜேசி-120இல் இரண்டு 60 வாட் ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர். கோரஸ் (ஒரே ஒலியைப் பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் ஆக்கும் வசதி) போட்டால் ஒன்றில் சும்மா ஒலியும் மற்றதில் லேசாக அலையும் ஒலியும் வரும். இரண்டும் கலப்பது அறையின் காற்றில். இதை ஒற்றை ஸ்பீக்கரில் கொண்டுவர முடியாது. ஆனால் 28 கிலோ. அதே ருசி வீட்டுக்கு வேண்டுமென்றால் யமஹா டிஹெச்ஆர்10 போல 8 சென்டிமீட்டர் ஸ்பீக்கர் இரண்டு வைத்த மேசை ஆம்ப் போதும்.

என் தேர்வு கேட்டால்: ஒற்றை 12 அங்குலம், வாட்டைக் குறைக்கும் சுவிட்சோடு. பாஸ் (Boss) நிறுவனத்தின் கடானா 50 ஆம்பில் அரை வாட்டுக்கு இறக்கலாம். ஒற்றை 10 அங்குலமும் எனக்குப் பிடிக்கும். சின்ன அறையில் அடிக்குரல் குமுறாது. இரட்டை 12ஐ வீட்டுக்கு யாருக்கும் சொல்ல மாட்டேன், கையில் வைத்திருப்பவன் சொல்கிறேன்.

படி 4: பழைய இரட்டை ஸ்பீக்கர் வாங்கினால் (இங்கேதான் நான் விழுந்தேன்)

வீட்டுக்கு வந்து வாசித்தால் சவுண்டு சப்பையாக இருந்தது. அடிக்குரலே இல்லை. கம்பி மாற்றினேன். கேபிள் மாற்றினேன். பிக்கப்பை (கிட்டாரில் கம்பி அதிர்வைப் பிடிக்கும் காந்தத்தை) சந்தேகப்பட்டேன். மூன்று வாரம். பக்கத்து வீட்டு அக்கா, "ஏன் தம்பி, ரேடியோப் பெட்டிக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கே" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. முன்பு வைத்திருந்தவர் ஒரு ஸ்பீக்கரை மாற்றியபோது அதன் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டிருக்கிறார். ஒரு கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) வெளியே வரும்போது மற்றது உள்ளே போகிறது. அடிக்குரல் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது.

சோதிப்பது சுலபம். ஆம்பை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். பின்னால் ஸ்பீக்கர் வயர் ஆம்பில் சொருகியிருக்கும் ஜாக்கை உருவுங்கள். ஆம்பின் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். வால்வு ஆம்பில் கரண்ட் இல்லாவிட்டாலும் உள்ளே ஷாக் காத்திருக்கும். ஒரு 9 வோல்ட் பேட்டரியை அந்த ஜாக்கின் நுனியிலும் தண்டிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள், பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு கோனும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். எதிரெதிராகத் துள்ளினால் ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வயர்களை இடம் மாற்றுங்கள். இரண்டிலும் மாற்றினால் பழையபடிதான். நான் செய்து பார்த்துவிட்டேன்.

முடிந்ததும் ஜாக்கைத் திரும்பச் சொருக மறக்காதீர்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பைப் போட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும்.

படி 5: வைக்கும் இடம்

சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பின்பக்கம் திறந்த ஆம்புக்கு மூச்சுவிட இடம் வேண்டும். சுவர் ஈரத்தில் ஆம்பின் துணிக்குப் பூஞ்சையும் பிடிக்காது. பலகைத் தரை என்றால் அடியில் பழைய கம்பளி ஒன்றை மடித்துப் போடுங்கள்.

சேர்த்தது: ஸ்பீக்கரில் சிவப்பு முனையைப் பார்த்தே வயர் போடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நம்பாதீர்கள். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சிவப்புக்கு பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும், மற்றவற்றில் வெளியே வரும். கோன் போகும் திசைதான் சாட்சி. ஜேசி-120 மாதிரி ஆம்பில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி வயர், தனித்தனியாகச் சோதியுங்கள்.

இன்னொன்று: "அப்படியானால் என் இரட்டையில் ஒன்றைக் கழற்றிவிடவா?" என்று இரண்டு பேர். வேண்டாம். 16 ஓம் இரண்டை பேரலலாகக் கட்டியிருந்தால் ஆம்ப் பார்ப்பது 8 ஓம். ஒன்றை எடுத்தால் 16 ஆகிவிடும், வால்வு ஆம்பில் ஏறக்குறைய முழு வாட்டும் மிச்சமிருப்பதன் தலையில் விழும். சீரிஸில் கட்டியிருந்தால் சர்க்யூட்டே அறுந்துபோகும். வால்வு ஆம்ப் என்றால் மேலே சொன்ன கருகல்தான். ஒன்று போதும் என்று தோன்றினால் மற்றதன் எதிரே ஒரு தலையணையைச் சாய்த்து வையுங்கள். நான் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன்.